அந்த அட்டையை எடுக்க மாட்டேன்

என் மகனுக்கு,

பட்டணம் போய்ச் சேர்ந்திருப்பாய். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே உன் அப்பா சௌக்கியம். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம் மட்டும்தான். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். தணிகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். நீ எங்கேயாவது உட்கார்ந்து நிதானமாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை வந்தாய். கருவாட்டுக் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய். உன் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருக்கிற முகூர்த்தப் புடவையைப் பெட்டி திறந்து காட்டினேன், அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை, நல்லா இருக்குதும்மா என்றாய். அத்தனை நேரமும் மனசில் இருந்ததைச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு உன்னோடு வந்தேன். பஸ் உறுமத் தொடங்கியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யம்மா, பொட்டிக்குள்ள ஒரு அட்ட இருக்குது பாரு, அத மட்டும் எடுத்துடுமா. மாமா ஒரு மாதிரி நெனைக்கிறாரு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நல்ல சாமர்த்தியம்தான். பதிலை வாங்கிக்கொள்ளாமல் போனாய், அதனால் இப்போது தபாலில் வருகிறது.

மீதியை உன் அப்பாவிடம் கேட்டு வாங்கினேன். அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். உன் மாமனாராக வரப்போகிறவர் பட்டணத்தில் பெரிய புடவைக் கடை வைத்திருப்பவர். முகூர்த்தப் புடவையைத் தாம்பாளத்தில் வைத்துச் சபையில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணக் கொண்டுபோவோமே, அப்போது பெட்டியைத் திறந்தால் உள்ளே மாப்பிள்ளையின் அம்மா பேர், கூலிக்கு வேலை செய்தவள் பேர் மாதிரி அச்சடித்து இருந்தால் அவருடைய தோஸ்துகள், வியாபாரிகள் எல்லாம் என்ன பேசுவார்கள் என்று கேட்டாராம். அட்டையை உருவிவிட்டுப் புடவையைப் பளபளவென்று ஒரு பாலிதீன் உறையில் போட்டுக் கொடுங்கள், இப்போது அதுதான் நாகரிகம் என்றாராம். நீயும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாய்.

பாலிதீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டு அதில் புழுங்கும். நம் ஊர் வெயிலில் ஒரு மாதம் பீரோவில் வைத்துப் பிரித்துப் பார், வாடை அடிக்கும், ஜரிகை மங்கும். புடவைக் கடைக்காரருக்கு அது தெரியாது என்றா நினைக்கிறாய்? தெரியும். விற்று அனுப்பிய பிறகு புடவை என்ன ஆனால் அவருக்கு என்ன? எனக்கு அப்படி இல்லை. என் வேலையே புடவை கடையை விட்டு வெளியே போன பிறகுதான் தொடங்குகிறது.

அட்டை, அட்டை என்று வீட்டில் நாள் முழுக்கச் சொன்னாலும் அது எதற்கு என்று நீ கேட்டதே இல்லை. புடவையை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டால் ஒரே கோட்டில் மடிப்பு விழும். அந்தக் கோட்டில்தான் முதலில் ஜரிகை முறியும், அப்புறம் பட்டு கிழியும். கரை மேல் கரை உரசும். அதனால் நடுவில் அட்டை வைத்து அதைச் சுற்றி மடிக்க வேண்டும். வெறும் அட்டையாக இருந்தால் அதன் ஓரமே கத்தி மாதிரி பட்டை அறுத்துவிடும். நான் ஓரத்தில் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வைத்து, விரல் பருமனுக்கு உருண்டையாக்கித் தைத்தேன். பசை கிடையாது, பசை இருந்தால் பூச்சி வரும். ஜரிகையும் ஜரிகையும் தொடுகிற இடத்தில் மெல்லிய வெள்ளைத் தாள். அட்டையின் ஒரு முனை நீண்டு, புடவைக்கு மேலே மூடி மாதிரி மடிந்து நிற்கும். அதற்கு மடல் என்று பேர் வைத்தேன். பெட்டியைத் திறந்தால் முதலில் அந்த மடல்தான் தெரியும். எழுத்தெல்லாம் மடலின் மேல்பக்கத்தில். புடவை படுகிற பக்கத்தில் ஒரு பொட்டு மை கிடையாது.

ஏன் மையைப் பற்றி இவ்வளவு பயம் என்று கேட்டால், எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. நீ கைக்குழந்தை. உன் அப்பா காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துப்போட்டு, மடித்து, கட்டிக் கொடுக்கிற வேலையில் இருந்தார். அப்போதெல்லாம் மடிப்புக்குள் பழைய செய்தித்தாளைத்தான் வைப்பார்கள். ஓர் ஐப்பசியில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் சந்தன நிறத்தில் புடவை எடுத்துப் போனார்கள். வழியெல்லாம் மழை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பிரித்துப் பார்த்தால் முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு சோப்பு விளம்பரம், எழுத்தெல்லாம் திரும்பியபடி, அப்படியே பதிந்திருக்கிறது. அந்தச் சோப்பையே போட்டுத் தேய்த்தாலும் போகாத கறை. அவர்கள் கடை வாசலில் வந்து அழுத அழுகையை உன் அப்பா இன்னும் மறக்கவில்லை. தாளை வைக்கச் சொன்னது முதலாளி, திட்டு வாங்கியது உன் அப்பா. அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஒரு பழைய காலண்டர் அட்டையையும் அவருடைய கிழிந்த வேட்டியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் முசரவாக்கத்தில் நாற்று நட்ட வீட்டுப் பெண். தறி தெரியாது, ஜரிகை தெரியாது. ஊசி தெரியும், மானம் தெரியும். அது போதுமாக இருந்தது.

முதலாளிக்கு அட்டை பிடித்துப்போயிற்று. எல்லாப் புடவைக்கும் செய்து தா என்றார். பிள்ளையார்பாளையத்தில் இந்த வீட்டுக்குள், அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவில், என் அட்டைகள் கூரை வரை அடுக்கி நின்றன. உன் அப்பா சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போவார், பின்னால் வருகிறவர்களுக்கு அவர் தெரிய மாட்டார், அட்டை மட்டும் தானாகப் போகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் முதலாளிக்கு இன்னொரு யோசனை வந்தது. மடல் சும்மாதானே இருக்கிறது, அதில் கடை பேரோடு சாமி படம் போட்டால் ஜனங்கள் தூக்கி எறிய மாட்டார்கள், கடை பேரும் வீட்டில் தங்கும் என்றார். பெரிய நாமமாக ஒன்று போடு என்று அச்சாபீஸுக்குச் சொல்லி அனுப்பினார். என்ன நாமம் என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அச்சுப் பிளாக் செய்தவர் தனக்குத் தெரிந்த நாமத்தைச் செய்துவிட்டார், கீழே பாதம் வைத்த தென்கலை நாமம்.

காஞ்சிபுரத்தில் பிறந்த உனக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் நிச்சயதார்த்தத்துக்குப் புடவைகள் எடுத்துப் போனது. அவர்கள் வடகலை, பாதம் இல்லாத நாமக்காரர்கள். சம்பந்திகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். ஒரு பெட்டி இல்லை, அத்தனை பெட்டியிலும் எதிர்க்கட்சி நாமம். மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெரியவர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். "என்னங்காணும் இது? யாராத்து நாமம் இது?" என்று காந்தி ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். கோயில் யானைக்கு எந்த நாமம் என்று வழக்காடுகிற ஊரில் புடவைப் பெட்டி தப்பிக்குமா? முதலாளி உடனே இன்னொரு பிளாக் செய்யச் சொன்னார். இனிமேல் இரண்டு விதமும் வைத்துக்கொள், வருகிறவர் நெற்றியைப் பார்த்துப் பெட்டியைக் கொடு என்று உன் அப்பாவுக்கு உத்தரவு. நெற்றியில் ஒன்றும் இல்லாதவர் வந்தால்? விபூதி வந்தால்? வியர்வையில் அழிந்து வந்தால்? உன் அப்பா புடவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வருகிறவர் போகிறவர் நெற்றியை எல்லாம் உற்றுப் பார்த்ததில், ஒரு அம்மாள் "இன்னாய்யா மொறைக்கிற?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

நாமம் வேண்டாம், காமாட்சி படம் போடலாம் என்றார் முதலாளி. அதற்கு நான் நேரிலேயே கடைக்குப் போய்விட்டேன். அதற்கு முன்னால் நான் அந்தக் கடைப் படி ஏறியதில்லை. "மொதலாளி, சாமிய மடிப்புக்குள்ள வெக்காதீங்க. தரையில வெக்க முடியாது, குப்பையில போட முடியாது, வெச்சுக் கும்புடவும் முடியாது. சாமிக்கு இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு கோயில் இருக்குது. பொடவைக்கு இன்னா வேணுமோ அத எழுதலாம்" என்றேன். நான் சொன்னதையே அச்சடித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். நிழலில் மட்டும் உலர்த்துங்கள். பாச்சை உருண்டை ஜரிகை மேல் படக் கூடாது. இந்த அட்டையை உருவ வேண்டாம். இவ்வளவுதான். மேலே கடை பேர் பெரிதாக. கீழே, எறும்பு அளவு எழுத்தில், அட்டை செய்தவர் என்று போட்டு என் பேரும் பிள்ளையார்பாளையமும். அந்தக் கடைசி வரியை முதலாளியைக் கேட்டுப் போடவில்லை. அச்சாபீஸில் நானே போய்ச் சொல்லிப் போட வைத்தேன்.

பேர் போட்டது பெருமைக்கு என்று உன் மாமனார் நினைக்கிறார். பெருமையும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அப்போது மனசில் இருந்தது வேறு. செய்தித்தாளுக்குத் திட்டு வாங்கியது உன் அப்பா, நாமத்துக்குத் திட்டு வாங்கியதும் உன் அப்பா. இனி இந்த அட்டையால் ஒரு புடவைக்கு ஏதாவது வந்தால் நேராக என்னைக் கேட்கட்டும் என்றுதான் போட்டேன். தப்பு வந்தால் வாருங்கள், நான் இருக்கிறேன் என்று சொல்வதற்குத்தான் பேர். கூலிக்காரி பேர் என்கிறார் அவர். அப்படியே இருக்கட்டும். கூலிக்குத்தானே செய்தேன், திருடியா செய்தேன்?

முதலாளி அந்த வரியைப் பார்த்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "ஏம்மா, என் பொட்டிக்குள்ள உன் பேரா?" என்றார். "பொட்டி உங்களுதுங்க மொதலாளி. உள்ள இருக்கறத நான்தானே செய்யறேன்? கெட்டுப்போனா யார கேப்பீங்க?" என்றேன். "உன்ன யாரும் கேக்க வேணாம், பேர எடுத்துடு" என்றார். மாட்டேன் என்று வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் உன் அப்பா வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், பின்னால் கடையில் மீதி இருந்த என் அட்டைக் கட்டு. உனக்குத் தெரியுமே, அவர் யாரையும் எதிர்த்துப் பேசுகிற மனுஷர் இல்லை. எதிரில் மாடு வந்தால்கூட அதற்கு வழிவிட்டு இறங்கி நிற்கிறவர்.

"இன்னாங்க, இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றேன்.

"மொதலாளி கேட்டாரு. உன் பொண்டாட்டி பேர எடுக்கறியா, வேலைய வுடறியான்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னாத்த சொல்றது? சைக்கிள எடுத்துக்கினு வந்துட்டேன்" என்றார். கட்டை அவிழ்த்து, ஓர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அடியில் இருந்த என் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சாப்பாடு போடு என்றார். பரிமாறிக்கொண்டே சந்தோஷமா பயமா என்று தெரியாமல் அழுதேன். அடுத்த நாளிலிருந்து அவர் எந்தக் கடைக்கும் வேலைக்குப் போகவில்லை. அட்டை வெட்டுவது அவர், தைப்பது நான் என்று ஆயிற்று. கஷ்டப்பட்டோம். அந்தக் கதையெல்லாம் இங்கே வேண்டாம், நீயே பழையதும் பச்சை மிளகாயும் சாப்பிட்டு வளர்ந்தவன். வேறு கடைக்காரர்கள் வந்தார்கள். பேர் இருந்தால்தான் அட்டை, பேர் வேண்டாம் என்றால் அட்டை வேண்டாம் என்று சொல்லித்தான் ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். சிலர் முறைத்தார்கள், சிலர் சிரித்தார்கள், சிலர் திரும்பிப் போய்விட்டு மறுபடி வந்தார்கள். அந்த முதலாளி மட்டும் வரவே இல்லை. வர வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது சொல், கண்ணு. உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து காப்பாற்றிய பேர் அது. அதைத்தான் நீ பஸ் ஜன்னல் வழியாக எடுக்கச் சொன்னாய். அதை என்னிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடமே சொல்லியிருக்கிறாய். அவர் என்ன பதில் சொன்னார் என்று யோசித்தாயா? நீ போன பிறகு அட்டை வெட்டுகிற கத்தியை எடுத்துத் தீட்டிக்கொண்டே இருந்தார், தீட்ட வேண்டிய அவசியமே இல்லாத கத்தியை. எனக்கு அதைப் பார்த்துத்தான் கோபம் தலைக்கு ஏறியது. என்னைச் சொன்னதற்குக்கூட இவ்வளவு வந்திருக்காது.

நீ வெட்கப்படுகிறவனாக எப்போது ஆனாய் என்றுதான் யோசித்துப் பார்க்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு எல்லாப் பிள்ளைகளும் கடையில் பரீட்சை அட்டை வாங்கியபோது, நீ ஓரம் தைக்காத என் அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போனாய். எழுத்து இருக்கிற பக்கம் வெளியே தெரியும்படி கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாய். யாரோ கிண்டல் செய்ததற்கு "எங்கம்மா பேரு அச்சுல இருக்குது, உங்கம்மா பேரு எங்கடா இருக்குது?" என்று கேட்டுவிட்டு வந்தாய். அந்தப் பையன் எங்கே போனான்? பட்டணத்துத் தண்ணீரில் இவ்வளவு சீக்கிரம் சாயம் போகிறவனா என் பிள்ளை?

இன்னொன்று சொல்கிறேன், இது உனக்குத் தெரியாது. உனக்கு வரப்போகிறவள், போன மாதம் தன் அம்மாவோடு வந்து புடவையைப் பார்த்தாளே, அன்று நீயும் அப்பாவும் வாசலில் கல்யாணச் சத்திரக்காரரோடு பேசிக்கொண்டு இருந்தீர்கள். அவள் பெட்டியைத் திறந்தாள். புடவையைத் தூக்கவில்லை. மடலில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். "அத்த, மடிப்ப மாத்தணும்னு போட்டிருக்குதே, எப்பிடி மாத்தறது? காட்றீங்களா?" என்றாள். இத்தனை வருஷத்தில் என்னை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான். ஒரு முனையை அவளிடம் கொடுத்து, மறு முனையை நான் பிடித்து, பழைய மடிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி மடித்தோம். முடித்த பிறகு கடைசி வரியில் விரலை வைத்து, "இது நீங்களா அத்த?" என்றாள். ஆமாம் என்றேன். "பேரு நல்லா இருக்குது" என்றாள். எனக்கு அப்போதே தோன்றிவிட்டது, உன்னை இவள் பார்த்துக்கொள்வாள் என்று. அந்தப் புடவை அவளுக்கு. அட்டையை எடுக்கச் சொல்ல யாருக்காவது உரிமை இருந்தால் அது அவளுக்குத்தான். உன் மாமனாருக்கு இல்லை, உனக்கும் இல்லை. அவள் சொன்னால் யோசிப்பேன். யோசித்துவிட்டு மாட்டேன் என்றுதான் சொல்வேன், ஆனால் யோசிப்பேன்.

புத்தி சொல்கிற வயசு உனக்குத் தாண்டிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு அவளும் வீட்டுக்குள் ஏதோ ஒன்று செய்வாள். அது வெளியே தெரியாது. உன் சட்டை கசங்காமல் இருக்கும், உன் பேச்சு கசங்காமல் இருக்கும், நாலு பேர் உன்னைப் பார்த்து எவ்வளவு நேர்த்தி என்பார்கள். உள்ளே எது தாங்கிக்கொண்டு இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீ கேள். கேட்காமல் உருவி எறிந்துவிட்டு, புடவை ஏன் மடிப்பில் கிழிந்துபோயிற்று என்று அப்புறம் வந்து நிற்காதே. சம்பந்தி கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். கல்யாணமே நின்றுவிடும் என்று பயப்படுகிறாயா? பெட்டிக்குள் இருக்கிற ஒரு வரிக்கு நிற்கிற கல்யாணம் என்றால், அதை நடத்துவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

முகூர்த்தத்தன்று தாம்பாளத்தை நான்தான் ஏந்தி வருவேன். பாலிதீன் இருக்காது. பெட்டி திறந்திருக்கும், மடல் மேலே இருக்கும். ஒவ்வொருவர் முன்னாலும் நிற்பேன். உன் மாமனார் முன்னால் கொஞ்சம் கூடவே நிற்பேன், எழுத்து சின்னது, அவர் கண்ணாடி போட்டுப் படிக்க நேரம் வேண்டும். உன் அப்பா முன்னால் வரும்போது அவர் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் தொடுவார். உன் முன்னால் வரும்போது நீ நிமிர்வதும் குனிவதும் உன் பாடு.

வழக்கமாகக் கடிதத்தின் அடியில் பேர் எழுத வேண்டும் என்பார்கள். நான் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

அம்மா